இடுக்கில் எழுபது சென்டிமீட்டர்

படகுக் குழுவில் அவருக்குப் பெயர் ‘அளவு’. பெற்றோர் வைத்த பெயர் என்ன என்று குழுவில் பாதிப் பேருக்குத் தெரியாது. தினமும் காலை ஐந்தே முக்காலுக்கு வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் பாலத்துக்குப் போவார். தூணில் கறுப்பும் வெள்ளையுமாக வரைந்திருக்கும் கோடுகளைப் பார்ப்பார். எண்ணைக் குழுவுக்கு அனுப்புவார். “67. இறங்குகிறது.” அவ்வளவுதான் செய்தி. பதினோரு வருஷத்தில் ஒரு நாள் தவறியதில்லை. அப்புறம் வீட்டுக்கு வந்து குளித்து, லிஃப்ட் கம்பெனிச் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார். அந்த எண்ணைப் பார்த்து மற்றவர்கள் கயாக் படகைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போவார்கள். பந்தி முழுக்கப் பரிமாறிவிட்டுப் பசியோடு நிற்கிறவன் கதை.

ஆறு என்று சொன்னால் மற்ற ஆறுகள் கோபித்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் காடு நெருக்க, நாலு கயாக் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் துடுப்போடு துடுப்பு இடிக்கும். மழை பெய்தால் துள்ளி ஏறும், நின்றால் அரை நாளில் வற்றிவிடும். காட்டுக்குள் ஒன்பது கிலோமீட்டர் மேலே போய் இறங்கி வந்தால், பாதி தூரம் தாண்டி ‘இடுக்கு’ வரும். இரண்டு பாறைகளுக்கு நடுவே உடம்பைச் சுருக்கிக்கொண்டு ஆறு ஓர் ஆள் உயரம் கீழே குதிக்கிற இடம். தூண் கணக்கில் அறுபதுக்குக் கீழே இருந்தால் பாறை பல்லைக் காட்டும். எண்பத்தைந்துக்கு மேலே போனால், விழுந்த தண்ணீர் திரும்பிச் சுழன்று படகைப் பிடித்து வைத்துக்கொள்ளும், லேசில் விடாது. நடுவிலிருக்கும் இருபத்தைந்து சென்டிமீட்டர்தான் மனுஷனுக்கு.

அந்த இருபத்தைந்து சென்டிமீட்டர் அவருக்கு ஒரு தடவைகூட வாய்த்ததில்லை. லீவு கிடைத்த நாளில் தண்ணீர் இருக்காது. தண்ணீர் இருக்கும் நாளில் எங்காவது ஏழாவது மாடியில் லிஃப்ட் கதவு திறக்காது. எப்போது இடுக்குக்கு வந்தாலும் படகைத் தோளில் வைத்து, பக்கத்து ஒற்றையடிப் பாதையில் நடந்து இறங்கியதுதான் மிச்சம்.

இப்போது அந்தத் தோளே போய்விட்டது. இருபது வருஷம் மோட்டாரையும் கம்பிவடத்தையும் இழுத்த வலது தோள். பத்தொன்பதாம் தேதி ஆபரேஷன். ஒரு வருஷத்துக்குத் துடுப்பைத் தொடக்கூடாது என்றார் டாக்டர்.

“அதுக்கப்புறம் தொடலாமா டாக்டர்?”

“அப்புறம் பாக்கலாம்.”

பாக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். ‘பார்ட்ஸ் வரட்டும், பாக்கலாம்’ என்று எத்தனை அடுக்குமாடிச் செயலாளர்களுக்கு அவரே சொல்லியிருக்கிறார்.

ஆபரேஷனுக்கு முன்னால் ஒரே ஒரு தடவை இடுக்கில் இறங்கிவிட வேண்டும். மேற்பார்வையாளரிடம் சண்டை போட்டு இரண்டு வாரம் லீவு வாங்கினார். ஐந்து நாள் வெயில் கொளுத்தியது. ஆறாவது நாள் விடியலில் மழை பெய்து விட்டது. தூணில் 78.

மனைவியின் தம்பியை எழுப்பி இழுத்துக்கொண்டு கிளம்பினார். மைத்துனனும் குழுவில் ஒருவன், டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். எங்கே உட்கார்ந்தாலும் வலது கால் பிரேக்கைத் தேடும். காட்டுப் பாதையில் ஐம்பது நிமிஷம். மேலே டீச்சர் காத்திருந்தாள். பக்கத்து ஊர்ப் பள்ளியில் வேதியியல் எடுப்பவள், இடுக்குக்குச் சற்று மேலே, ஆற்றங்கரையிலிருந்து பத்து நிமிஷத்தில் அவள் வீடு. இடுக்கை ஆறு தடவை தாண்டியவள்.

ஒன்றரை மணி நேரம் துடுப்புப் போட்டு இடுக்குக்கு வந்தால், பாறைகள் காய்ந்துகொண்டிருந்தன. எழுபத்தெட்டு எங்கே போனது என்று தெரியவில்லை. அவர் விடவில்லை, இருக்கிற தண்ணீரில் நுழைந்தார். குதிப்புக்குப் பத்தடி முன்னால் படகு வயிறு தட்டிப் பாறைமேல் உட்கார்ந்துகொண்டது. முன்னாலும் போகாது, பின்னாலும் வராது.

“மாமா, ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுடுச்சு போலிருக்கே,” என்றான் கரையிலிருந்து மைத்துனன். “பெல் அடிங்க, ஆள் வரும்.”

“வாயை மூடிட்டு கயித்தைப் போடுடா.”

கரையேறியதும் டீச்சர் ஃபிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தாள். “அளவு சார், தப்பா நெனைக்காதீங்க. நீங்க தூண்ல பாக்கறது பழைய தண்ணி.”

“என்ன பழைய தண்ணி?”

“பாலம் கீழ இருக்கு. அங்க நீங்க பாக்கற தண்ணி ஒரு மணி நேரம் முன்னாடியே இடுக்கைத் தாண்டிடுச்சு. நான் மெசேஜ் பாத்ததும் பத்து நிமிஷத்துல இறங்கிடுவேன், எனக்குச் சரியா இருக்கும். நீங்க அதுக்கப்புறம் கிளம்பி, மேல வந்து, இவ்வளவு தூரம் துடுப்புப் போட்டு… உங்களுக்கு அது நேத்து பேப்பர் சார்.”

அவர் காபியைக் கீழே வைத்தார். “இதைப் பதினோரு வருஷமா ஏன் சொல்லல?”

“உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். நீங்கதானே அளவு.”

அதைவிடக் கன்னத்தில் ஓர் அறை விட்டிருக்கலாம். தண்ணீர் மேலேயிருந்து கீழே வரும் என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் ஆழம் தெரியாமல் காலை விடாதே என்ற பழமொழியை இவ்வளவு விசுவாசமாகப் பின்பற்றியவர் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். எண் வந்தால்தான் கால் நகரும். எண் வருவதற்குள் ஆறு போய்விடும். இடுக்கு வேண்டுமென்றால் மழை பெய்யும்போதே, தூணில் ஒன்றுமில்லாதபோதே, குருட்டாம்போக்கில் கிளம்ப வேண்டும்.

பதினாறாம் தேதி காலை ஒன்பது மணிக்கு வானம் இருண்டு கொட்டத் தொடங்கியது. தூணில் 44. அவர் படகைக் காரின் மேல் ஏற்றிக் கட்டினார். மனைவி வாசலில் நின்றாள்.

“ஏங்க, நாப்பத்தி நாலுக்கா போறீங்க?”

“அது பழைய தண்ணி.”

“சரி, புதுத் தண்ணி எவ்வளவு?”

“தெரியாது.”

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டுப் பழக்கமில்லாததால், அவள் உள்ளே போய்த் தம்பிக்குப் போன் போட்டாள்.

பதினொன்றேகாலுக்கெல்லாம் மூன்று பேரும் தண்ணீரில் இருந்தார்கள். மழை விட்டிருந்தது. ஆறு காப்பி நிறத்தில் தூக்கிக்கொண்டு போனது. ஒன்றரை மணி நேரத் தூரம் நாற்பது நிமிஷத்தில் முடிந்தது. இடுக்கின் இரைச்சல் திருப்பத்துக்கு முன்னாலேயே கேட்டது. கரையேறிப் பார்த்தார்கள். பாறையே காணோம். ஒரு மரக்கட்டை மேலிருந்து விழுந்து, அதே இடத்தில் மூழ்கி எழுந்து, மூழ்கி எழுந்து, கால் மணி நேரம் சுற்றிக்கொண்டிருந்தது.

“நூறுக்கு மேல,” என்றாள் டீச்சர்.

சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள். இவருக்குச் சறுக்குவதற்குப் பதில் முழமாக ஏறியிருந்தது. “காத்திருக்கலாம்,” என்றார்.

தண்ணீர் ஓரத்தில் ஒரு குச்சியை நட்டார்கள். குச்சி நனைந்தால் ஏற்றம், காய்ந்தால் இறக்கம். முதல் ஒரு மணி நேரம் குச்சி நனைந்தது. அடுத்த ஒரு மணி நேரம் அது நகரவில்லை, அவரும் நகரவில்லை. டீச்சர் விடைத்தாள் திருத்தியிருக்கலாமே என்று அலுத்துக்கொண்டாள். மைத்துனன் பிஸ்கட் பாக்கெட்டை முடித்துவிட்டு, “இலவு காத்த கிளிகூட உக்காரக் கிளையாவது இருந்துச்சு மாமா,” என்றான். அவர் சிரிக்கவில்லை. மூன்று மணிக்கு இரண்டு விரல் இறங்கியது. அப்புறம் மளமளவென்று. நாலரை மணிக்கு இடது பாறையின் மூக்கு வெளியே வந்தது.

“மூக்கு தெரிஞ்சா எண்பத்தஞ்சு,” என்றாள் டீச்சர். “இன்னும் கொஞ்சம் இருங்க.”

ஐந்து மணிக்கு உதடும் தெரிந்தது. “எழுபது. சார், இதுதான்.”

அவர் படகில் உட்கார்ந்து, தண்ணீர் உள்ளே வராமல் மூடும் ரப்பர் பாவாடையை விளிம்பில் இழுத்து மாட்டினார். வலது தோள் முனகியது. முனகட்டும்.

“வேண்டாம்,” என்றான் மைத்துனன்.

குழுவுக்கு ஒரே ஒரு விதி உண்டு. இடுக்கின் தலைமாட்டில் நின்று ஒருவர் வேண்டாம் என்றால் எல்லோரும் நடக்க வேண்டும். காரணம் கேட்கக் கூடாது. கேட்டால் பயந்தவன் வெட்கப்பட்டுப் பொய் சொல்வான், பொய்யை நம்பி யாராவது மூழ்குவார்கள். பதினோரு வருஷத்தில் இந்தச் சொல்லை அதிகமாகச் சொன்னவர் அவரேதான். எழுபது, எண்பது தடவை எல்லோரையும் நடக்கவிட்டிருக்கிறார். ஒருவரும் ஏன் என்று கேட்டதில்லை.

அவர் டீச்சரைப் பார்த்தார். அவள் ஏற்கெனவே ஹெல்மெட்டின் வாரைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

கீழே தண்ணீர் வழுவழுவென்று ஒரு நாக்கு மாதிரி இறங்கியது. ஒரு துடுப்பு, இரண்டு துடுப்பு, முடிந்துவிடும். பிடித்து நிறுத்த யாராலும் முடியாது. நாளை மறுநாளுக்கு மறுநாள் ஆபரேஷன். அவர் துடுப்பைக் குறுக்கே வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். மைத்துனன் கரையில் நின்று தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏதாவது பேசினால் திட்டவாவது செய்யலாம்.

பாவாடையைப் பிய்த்து இழுத்துவிட்டு எழுந்தார். படகை இடது தோளுக்கு ஏற்றினார். ஒற்றையடிப் பாதை சேறாகக் கிடந்தது. டீச்சர் முன்னால் போனாள். பாதி வழியில் மைத்துனன் பின்னாலிருந்து வாயைத் திறந்தான்.

“மாமா, அது ஏன்னா, அக்கா போன்ல…”

“சொல்லாத.”

“இல்ல, அக்காவுக்காக இல்ல. எனக்கே அந்தக் கட்டையைப் பாத்ததிலேர்ந்து…”

“கேக்கக் கூடாதுன்னா சொல்லவும் கூடாதுடா. நட.”

பக்கத்தில், மரங்களுக்கு அந்தப் பக்கம், எழுபது சென்டிமீட்டர் தண்ணீர் ஆளில்லாமல் விழுந்துகொண்டிருந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. படகின் முனை ஒரு கிளையில் இடித்தது. கெட்ட வார்த்தைகள் இரண்டு இன்னும் அவர் வாய்க்குள்ளேயே இருந்தன.

“இங்க வேர் வழுக்குது,” என்றார் திரும்பாமலே. “பாத்துக் காலை வை.”