முந்திக்கொண்ட ஸ்தோத்திரம்

கனகதாஸ் போன ஏப்ரலில் இறந்தார். வயது அறுபத்தொன்பது. இதயம் நின்றது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தனக்காக யாரையும் எந்த ஆஸ்பத்திரி வரிசையிலும் நிற்க வைக்கவில்லை. அவரைத் தெரிந்தவர்களுக்கு இது அவருடைய குணத்தோடு ஒத்துப்போகிற விஷயம்தான்.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே, ரப்பர் தோட்டங்களுக்கு இடையில் ஒரு பழைய கிறிஸ்தவ மிஷன் கோயில் இருக்கிறது. அதிலிருந்து பத்து வீடு தள்ளி அவர் வீடு. முப்பத்திரண்டு வருடம் குடிநீர் பம்ப் ஹவுஸில் ஆபரேட்டர். அந்த வேலை கவலைப்படுகிறவனுக்கென்றே செய்யப்பட்டது. மோட்டார் சூடாகிறதா, வால்வு கசிகிறதா, கரண்ட் போகுமா, போனால் வருமா. அவர் பொறுப்பில் ஒரு மோட்டாரும் எரிந்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு கவலைப்பட மோட்டார் இல்லாமல் போயிற்று. வீட்டு கேஸ் சிலிண்டரைத் தூங்கப்போகுமுன் மூன்று தடவை பார்ப்பார். கொச்சியில் சாஃப்ட்வேர் சோதிக்கும் வேலையிலிருக்கும் மகள் ஜிஜா அங்கிருந்து ரயில் ஏறினால், அது எந்த ஸ்டேஷனைத் தாண்டியது என்று அவளுக்கே போன் செய்து சொல்வார்.

ஜெபிக்காதவர் அல்ல. காலையும் மாலையும் ஜெபிப்பார். ஜெபித்து முடித்த கையோடு மறுபடி கவலைப்படுவார். மனைவி ரத்னபாய் கேட்பாள்: "இப்பம்தானே ஆண்டவருக்க கையில ஒப்படைச்சிய? அதுக்குள்ள பிடுங்கி வாங்கியாச்சா?"

"ஒப்படைச்சேன். சரியா வச்சிருக்காரான்னு பாக்கேன்" என்பார்.

அவர் செய்த ஊழியம் ஒரு வரிசையில் தொடங்கியது. ஓய்வு பெற்ற வருடம், நோயாளி ஒருவரைப் பார்க்க நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குப் போனார். அடுத்த கட்டிலில் ஒருவன் மயங்கிக் கிடந்தான். அவன் மனைவியின் இடுப்பில் குழந்தை, கையில் மருந்துச் சீட்டு. மருந்து வாங்கப் போனால் புருஷனைப் பார்க்க ஆளில்லை. கனகதாஸ் சீட்டை வாங்கிக்கொண்டு போய் ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்றார். திரும்பி வந்தபோது அந்தப் பெண் நன்றி சொல்லவில்லை. "இனி ரத்தப் பரிசோதனை முடிவு வாங்கணும் மாமா" என்றாள். அவர் அதற்கும் போனார்.

அன்றிலிருந்து எல்லா வியாழக்கிழமையும் போனார். துண்டுப்பிரதி கொடுக்கமாட்டார். பிரசங்கம் கிடையாது. கட்டில் கட்டிலாகப் போய், "வரிசை ஏதாவது உண்டா?" என்று கேட்பார். ஓ.பி. சீட்டு, எக்ஸ்ரே, மருந்து, எதுவானாலும் போய் நிற்பார். நிற்கும்போது அந்த நோயாளிக்காக மனதுக்குள் ஜெபிப்பார். வரிசை நீளமானால் ஜெபமும் நீளும்.

பக்கத்து வீட்டுத் தாணுலிங்கம் தாலுகா ஆபீஸில் கிளார்க்காக இருந்தவர். நெற்றி நிறைய விபூதியோடு வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்துச் சொல்வார்: "ஓய் கனகதாஸே, நான் முப்பது வருஷம் ஜனங்கள வரிசையில நிக்க வச்சேன். இப்பம் நீரு நிக்குதீரு. எனக்குள்ள பாவத்துல பாதிய நீரு தீத்தாச்சு."

"பாதிதானா?"

"மீதிக்கு நான் திருச்செந்தூர் போறேன்."

நான்கு வருடத்துக்கு முன் ஒரு ஜூன் மாதம், ரத்னபாயின் இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. நெல்லிக்காய் அளவு. திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவமனையில் ஊசி வைத்துச் சதை எடுத்தார்கள். முடிவு அடுத்த வியாழக்கிழமை கிடைக்கும் என்றார்கள். நடுவில் ஒன்பது நாள்.

திரும்பி வருகிற ரயிலிலேயே ரத்னபாய் கட்டளை போட்டாள். "ஒருத்தர்கிட்டயும் சொல்லப்பிடாது. முடிவு வரட்டும். இப்பம் சொன்னா நம்ம வீடு சந்தையாக்கும்."

"கோயில்ல ஜெபிக்கச் சொல்லண்டாமா?"

"பேரு சொல்லாம எழுதிப் போடுங்க."

அந்தக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. ஜெப விண்ணப்பமானாலும் ஸ்தோத்திரக் காணிக்கையானாலும் வெள்ளைக் கவரில் எழுதிக் காணிக்கைப் பையில் போட வேண்டும். கோயில் வேலை பார்க்கிற எலியா அவற்றைப் பிரித்து அடுக்கிக் கொடுப்பார். ஆராதனை முடிவில் போதகர் ஒவ்வொன்றாக வாசிப்பார். பிறந்தநாள், கலியாண நாள், பி.எஸ்.சி. பரீட்சை, பசு கன்று போட்டது, எல்லாம் அதில் வரும்.

சனிக்கிழமை கனகதாஸ் உட்கார்ந்து ஒரு கவரில் எழுதினார்: "ஒரு சகோதரியின் சுகத்துக்காக ஜெபிக்கவும்." அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பம்ப் ஹவுஸில் அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. பதிவேட்டில் அடுத்த ஷிப்டுக்கான பக்கத்தை முன்னதாகவே கோடு போட்டு வைப்பார். கவலைக்கு அது ஒரு மருந்து. அதேபோல அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கான கவரையும் எழுதினார்: "என் மனைவி ரத்னபாயின் மார்பில் இருந்த கட்டி ஆபத்தில்லாதது என்று முடிவு வந்ததற்காக ஸ்தோத்திரம். கனகதாஸ் குடும்பத்தார்." எழுதியதும் மனம் லேசானது. இரண்டு கவரையும் வேதப்புத்தகத்தில் வைத்தார்.

ஒரே நிறத்தில் இரண்டு கவர், ஒரே புத்தகம், வெளியே அடையாளம் எதுவும் இல்லை. பிழை வருவதற்கு இவ்வளவு போதும்.

மறுநாள் காணிக்கைப் பைக்குள் போனது இரண்டாவது கவர். போதகர் ஈசாக் அதைக் கணீரென்று வாசித்தார். அதற்கு முந்தியது யாருடைய வீட்டிலோ பலா முதல் காய்ப்பு. அடுத்ததாக ரத்னபாய், மார்பு, கட்டி, ஆபத்தில்லை. கோயில் முழுக்க "ஸ்தோத்திரம்" என்றது. கனகதாஸ் பாதி எழுந்தார். மீதி எழுவதற்குள் பாடகர் குழு எழுந்து பாட ஆரம்பித்துவிட்டது. அவர் திருத்தம் சொல்ல எழுந்தவர், மற்றவர்களோடு சேர்ந்து நிற்பவராகி, பாட்டும் பாட வேண்டியதாயிற்று. பெண்கள் பக்கத்திலிருந்து ரத்னபாய் தலையைத் திருப்பி ஒருமுறை பார்த்தாள். அவர் பாட்டின் இரண்டாம் சரணத்தை மறந்தார்.

வாசலில் பெண்கள் அவளைக் கட்டிப்பிடித்தார்கள். "எங்ககிட்ட ஒரு வார்த்த சொன்னியா?" என்று ஒருத்தி அழுதாள், இன்னொருத்தி முதுகில் அடித்தாள். எல்லாருக்கும் ரத்னபாய் ஒரே பதில் சொன்னாள்: "ஸ்தோத்திரம்." அதில் பொய் எதுவும் இல்லை.

மத்தியானத்துக்குள் வீட்டுக்கு ஒரு பலாச்சக்கை, ஒரு பாளையங்கோடன் வாழைக்குலை, தூக்குவாளியில் கோழிக்கறி எல்லாம் வந்து சேர்ந்தன. தாணுலிங்கத்தின் மனைவி நீலாம்பாள் வேலி வழியாகப் பாயசம் நீட்டினாள். "உனக்க கட்டிக்கு நான் அம்மன்கிட்ட நேந்துகிட முடியாமப் போச்சே மக்கா. முன்னே சொல்லியிருந்தா ரண்டு பக்கமும் பிடிச்சிருக்கலாம்."

கனகதாஸ் உண்மையைச் சொல்ல வாயைத் திறக்கும்போதெல்லாம் யாராவது அதில் எதையாவது ஊட்டினார்கள்.

கடைசி ஆள் போனதும் ரத்னபாய் அடுக்களையில் நின்று கேட்டாள். "முடிவு வாறதுக்கு முன்னே எதுக்கு எழுதினிய?"

"ரெடியா இருக்கட்டும்னு."

"சவப்பெட்டியும் ரெடியா உண்டா?"

அவர் முகம் போன போக்கைப் பார்த்து அவளே சிரித்துவிட்டாள். சிரிப்பு நடுவில் நின்றது. "எனக்குப் பேடியா இருக்கு. நீங்க மட்டுந்தான் கவலைப்படுதியன்னு நினைக்காதீங்க" என்றாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு இரண்டு பேரும் பாயசத்தைக் குடித்தார்கள். ஆறிப்போயிருந்தது.

ஜிஜாவிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னார்கள். "டெஸ்ட் ஓடுறதுக்கு முன்னே பாஸுன்னு ரிப்போர்ட் போட்டா எங்க ஆபீசுல வேலையவிட்டு எடுத்திருவாங்கப்பா" என்றாள். "வியாழக்கிழமை நான் வாறேன்."

"வேண்டாம் மக்கா. ஆப்பரேஷன்னு வந்தா வா. லீவை இப்பமே தீக்காதே" என்றாள் ரத்னபாய்.

மாலையில் கனகதாஸ் போதகர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் அறிக்கை செய்தார். போதகருக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு பாவமாக இருந்தது. "அண்ணா, காணிக்கைப் பையில கிழிஞ்ச நோட்டுப் போட்டவங்கள நான் பாத்திருக்கேன். போட்ட ஸ்தோத்திரத்தத் திருப்பிக் கேட்டு வந்தது நீங்க ஒருத்தருதான்."

"திருத்தி வாசிக்க முடியாதா?"

"எப்பிடி வாசிப்பேன்? போன வாரத்து ஸ்தோத்திரம் தற்காலிகமா நிறுத்தி வைக்கப்படுதுன்னா?" போதகர் அவர் தோளில் கை வைத்தார். "வியாழன் வரட்டும். எது வந்தாலும் நான் உங்க கூட உண்டு."

வியாழக்கிழமை இருவரும் சேர்ந்தே கிளம்பினார்கள். முடிவு கொடுக்கிற கவுண்டர் நாலு மணிவரை. காலையில் நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் வழக்கமான வேலை, பன்னிரண்டரை ரயிலில் திருவனந்தபுரம். இதுதான் திட்டம்.

அன்று பூவாரிலிருந்து வந்த கிருஷ்ணன்குட்டி என்ற படகோட்டியின் சீட்டு அவர் கையில் இருந்தது. அவன் மனைவிக்குக் காய்ச்சல் தலைக்கேறி, கட்டிலில் பிடித்து வைக்க ஆள் வேண்டியிருந்தது. மருந்துக் கவுண்டரில் கம்ப்யூட்டர் நின்றுபோனது. வரிசை நகரவில்லை. பன்னிரண்டு ஆனது. அவருக்கு முன்னால் பதினேழு பேர். எண்ணிப் பார்த்தார். மறுபடி எண்ணினார். பதினேழுதான்.

ரத்னபாய் வார்டிலிருந்து வந்து பார்த்தாள். அவர் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"இப்பம் விட்டா வண்டி கிடைக்கும்" என்றார் அவர்.

"அந்தப் பெண்ணுக்கு மருந்து?"

"அதுதான் யோசிக்கேன்."

"நம்ம முடிவு இன்னேரம் அங்க காயிதத்துல எழுதியாச்சு. நாம ஓடிப்போனா அது மாறப் போறதில்ல. நில்லுங்க." அவள் போய்விட்டாள்.

கனகதாஸ் நின்றார். இத்தனை பேருக்காக நான் நிற்கிறேன், எனக்காக நிற்பவர் யார் என்று ஒரு கேள்வி வந்தது. பதில் அவருக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியிலேயே படித்தது. தெரிந்ததால் நெஞ்சிலிருந்த வெப்ராளமும் பதற்றமும் குறைந்துவிடவில்லை. நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தார். ஆனால் கால் இடத்தைவிட்டு நகரவில்லை. விசுவாசம் என்பது நெஞ்சில் வருவது என்றுதான் அவர் அதுவரை நினைத்திருந்தார். காலிலும் வரும் என்று அன்றைக்குத் தெரிந்ததாகப் பிறகு சொன்னார்.

மருந்து ஒன்றேகாலுக்குக் கிடைத்தது. அடுத்த ரயிலில் ஏறி, மூன்று நாற்பதுக்கு அந்தக் கவுண்டரில் நின்றார்கள். காகிதத்தோடு டாக்டர் அறைக்குப் போனார்கள். நீது என்ற அந்த டாக்டருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். அவர் வாசித்துவிட்டு நேராக ரத்னபாயைப் பார்த்து மலையாளத்தில் சொன்னார். புற்றுதான். சின்னது, சீக்கிரம் வந்துவிட்டீர்கள். ஆப்பரேஷன் செய்து எடுத்துவிடலாம். பயந்து ஓட வேண்டிய கட்டம் இல்லை.

வெளியே வராந்தாவில் இருவரும் உட்கார்ந்தார்கள்.

"கெட்டியா அழணும்போல இருக்கு. முதல்ல ஒரு சாயா வாங்கித் தாங்க" என்றாள் ரத்னபாய். சாயா வந்தது. குடித்தாள், அழுதாள், மீதியைக் குடித்தாள்.

"ஞாயித்துக்கிழமை கோயில்ல திருத்திச் சொல்லணும். எந்த முகத்த வச்சிட்டுப் போவேன்?" என்றார் கனகதாஸ்.

"முடிவத் திருத்துங்க. ஸ்தோத்திரத்தத் திருத்தண்டாம்."

"அது எப்பிடிட்டி?"

"கட்டி நல்லதா இருந்தா ஸ்தோத்திரம், இல்லன்னா திருப்பித் தாரும்னு கேக்கியதுக்கு ஆண்டவரு என்ன சந்தையில மீனா விக்காரு?"

ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்லும் நேரத்தில் ரத்னபாய்தான் எழுந்தாள். சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னாள்: "போன வாரம் வாசிச்சது எனக்க வீட்டுக்காரருக்க அவசரமாக்கும். கட்டி நல்லதில்ல. ஆப்பரேஷன் உண்டு. எனக்குப் பயமும் உண்டு. ஆனா சொன்ன ஸ்தோத்திரம் அப்பிடியே இருக்கட்டும். பின்ன, சக்கை கொண்டுவந்தவங்க திருப்பிக் கேக்கப்பிடாது. தின்னு தீத்தாச்சு."

கோயில் சிரித்தது. சிரித்துக்கொண்டே பலர் மூக்கைத் துடைத்தார்கள். ஆராதனை முடிந்ததும் வாசலில் சண்டை தொடங்கியது. ஆப்பரேஷன் வாரத்தில் யார் எந்த நாள் சோறு கொண்டுவருவது என்பதுதான் சண்டை. வெள்ளிக்கிழமை மீன் யார் கொண்டுவருவது என்பதில் இரண்டு பெண்கள் ஒரு மணி நேரம் பேசாமல் இருந்தார்கள். நீலாம்பாள் வேலிக்கு அப்பாலிருந்து சேதி சொல்லி அனுப்பினாள்: அம்மனிடம் நேர்ந்தாயிற்று, இனி ரண்டு பக்கமும் பிடி உண்டு.

மூன்று வாரம் கழித்து ஆப்பரேஷன். காலை எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். ஜிஜா முந்தின நாளே வந்திருந்தாள். தாணுலிங்கம் ஒரு பக்கம், போதகர் ஒரு பக்கம். நடுவில் கனகதாஸ். இரண்டு மணி நேரம் நாற்பது நிமிடமும் அவர் மனதுக்குள் ஜெபித்தார். உதடு மட்டும் அசைந்தது. தாணுலிங்கமும் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். என்னவென்று யாரும் கேட்கவில்லை.

கதவு திறந்து டாக்டர் நீது வெளியே வந்தார். முகக்கவசத்தை இறக்கினார். கண்ணுக்குக் கீழே அதன் தடம் இருந்தது.

"நல்லபடியா முடிஞ்சுது. இனி பயப்படண்டாம்."

கனகதாஸ் எழுந்தார். கை கூப்பினார். சொல்ல வேண்டியது எத்தனையோ இருந்தது. அதில் வெளியே வந்தது ஒன்றுதான்.

"டாக்டர் காலையில ஏதாவது சாப்பிட்டியளா?"

டாக்டர் திகைத்து, பிறகு சிரித்து, இல்லை என்று தலையாட்டினார்.

கனகதாஸ் உடனே அதற்கும் கவலைப்பட ஆரம்பித்தார். ஜிஜா தடுப்பதற்குள் கேன்டீன் பக்கம் நடந்துவிட்டார். அங்கே வரிசை வாசல்வரை இருந்தது.