வண்டி நிற்கும் இடம்

நான் செய்த குட்டி ரோபோ வண்டிக்கு முதலில் போட்டிருந்தது இன்ஃப்ராரெட் சென்சார். கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சத்தை அது முன்னால் அடிக்கும். எதிரே ஏதாவது இருந்தால் வெளிச்சம் பட்டுத் திரும்பி வரும், வண்டி நின்று வேறு பக்கம் போகும். விலை கம்மி, பொருத்துவது சுலபம். ஆனால் கறுப்பாக எது இருந்தாலும் வெளிச்சத்தை விழுங்கிவிடும், சென்சாருக்கு ஒன்றும் தெரியாது. வெயில் விழுகிற தரையிலோ, ஒன்றுமே இல்லாத இடத்தில் நின்று தொலைக்கும். இதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது அல்ல. அம்மாவின் காலில் ஏற்றித்தான் தெரிந்துகொண்டேன்.

பகலில் எனக்கு ஒரு கம்பெனியில் சர்க்யூட் போர்டுகளுக்கு சால்டரிங் வைக்கிற வேலை. வீட்டுக்கு வந்தும் அதையே கட்டிக்கொண்டு அழுகிறாளே என்று அக்கம்பக்கத்தில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கருவடிக்குப்பத்தில் என் வீட்டு ஹால் சின்னது, வண்டி ஓடத் தொடங்கியதுமே சுவர் வந்துவிடும். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அதைப் பையில் போட்டுக்கொண்டு உப்பளம் ஏரியாவில் இருக்கும் அப்பா அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன். அங்கே கூடம் நல்ல நீளம். நடுக்கூடத்தில் நாடாக் கட்டிலைப் போட்டு, காலைத் தொங்கவிட்டபடி அம்மா உட்கார்ந்திருப்பாள். அவளுடைய கருநீல நைட்டி தரை வரைக்கும் தொங்கும். வண்டி நேராகப் போய் அந்தக் காலில் ஏறும்.

"இந்த வூட்ல இருக்கிற எலி போதாதுன்னு நீ வேற ஒண்ணு கொண்டாந்து வுடுறியா? அதுவும் குருட்டு எலி. இம்மாம் பெரிய ஆளு உக்காந்திருக்கேன், தெரியல பாரு."

"நைட்டிய மாத்தும்மா. வெள்ளையா இருந்தா தெரியும்."

"உன் பொம்மைக்கோசரம் நான் வெள்ளை கட்டணுமா? உங்கப்பாரு இன்னும் கல்லு மாதிரி இருக்காருடி."

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். மில்லில் தறிச் சத்தத்திலேயே இருந்து காது பாதி போனவர் அவர். நான் கத்திப் பேசினாலும் "என்னா?" என்பார். அம்மா முணுமுணுத்தால் மட்டும் எப்படியோ கேட்டுவிடும்.

அன்றைக்கே முடிவு செய்தேன், இனி அல்ட்ராசோனிக்தான். அது வெளிச்சத்தை நம்புவதில்லை. நம் காதுக்கு எட்டாத ஒரு சத்தத்தைப் போட்டு, அது திரும்பி வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும். கறுப்பு வெள்ளை அதற்கு ஒன்றுதான். மெத்தென்ற துணி சத்தத்தை அமுக்கிவிடும் என்று ஒரு குறை உண்டு, இருந்தாலும் பரவாயில்லை என்று ஆர்டர் போட்டேன். பார்சல் வந்தபோது அம்மா இல்லை. நெஞ்சு வலிக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குத் தன் காலால் நடந்து போனவளைத் தூக்கிக்கொண்டு வந்தோம்.

காரியம் முடிந்து எல்லாரும் போன பிறகு அப்பா தனியாக இருந்தார். சர்க்கரை உள்ள மனுஷன், சாப்பிட மறந்துவிட்டு மாத்திரையை மட்டும் போட்டுக்கொள்வார். ஒரு நாள் மயங்கி விழுந்து, பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து எழுப்பினார்கள். இப்படியே விட்டால் இவரையும் இழந்துவிடுவேன். என்னோடு வந்துவிடு என்று கெஞ்சினேன். சரி என்றார்.

கூட்டிப்போகப் போன அன்று துணிப்பை வாசலில் தயாராக இருந்தது. அவர் டீ குடித்து முடிக்கட்டும், அதுவரை கொஞ்சம் பராக்காக இருக்கட்டும் என்று, புது சென்சார் போட்ட வண்டியைத் தரையில் விட்டேன். நடுக்கூடம் வரை போனது. நின்றது. கொஞ்சம் பின்னால் வந்து, எதையோ சுற்றிக்கொண்டு ஓரமாகப் போனது. அங்கே ஒன்றுமில்லை. கட்டிலைக்கூட அப்பா மடித்துச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். மறுபடி விட்டேன். மறுபடியும் அதே இடம். அம்மா காலைத் தொங்கவிட்டிருந்த இடம்.

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். "இப்பதான் இதுக்கு உங்கம்மாவத் தெரியுது," என்றார்.

"சும்மா இருப்பா. ஒயர் லூசா இருக்கும்."

"அவள ஒண்டியா வுட்டுட்டு நான் எங்க வர்றது?" என்று எழுந்து போய், பையிலிருந்த துணிகளை எடுத்துத் திரும்பவும் பீரோவில் அடுக்கினார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு வண்டியைத் தூக்கிப் போட்டு உடைத்திருப்பேன். அடுத்த ஞாயிறு பழைய இன்ஃப்ராரெட்டைத் திரும்பப் பொருத்தி, வெயில் வராமல் ஜன்னல்களைச் சாத்திவிட்டு ஓட விட்டேன். நிற்காமல் நேராக ஓடியது. "பாத்தியா? அங்க ஒண்ணுமே இல்ல," என்று அவர் காதருகே கத்தினேன்.

அப்பா பதறிப்போய்க் குனிந்து வண்டியைப் பிடித்தார். "அவ கால் மேல ஏத்துறியே பாப்பா. இது அவ உசுரோட இருக்கும்போதே அவளப் பாக்கல. இப்ப பாக்குமா?"

அவர் சொன்னது சரிதான். உண்மையைச் சொன்னால் எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. அந்த இடத்துக்கு முதுகைக் காட்டி உட்கார முடியவில்லை. பின்னால் யாரோ காலை ஆட்டிக்கொண்டிருப்பது போலவே இருக்கும். அப்பாவோ வாரத்துக்கு வாரம் இளைத்துக்கொண்டே போனார்.

ஒரு நாள் அவர் கடைக்குப் போயிருந்தபோது அல்ட்ராசோனிக்கை மாட்டி விட்டேன். நின்றது. வண்டிக்குப் பக்கத்திலேயே தரையில் கவிழ்ந்து படுத்து, அது பார்க்கிற பக்கம் பார்த்தேன். சுவரில் சாய்த்திருந்த கட்டிலின் நாடா இடுக்கில், சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு தெரிந்தது. கட்டிலை நகர்த்தினேன். கீழ் பிளக் பாயின்டில் சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு எலி விரட்டுகிற மிஷின். அதுவும் நம் காதில் விழாத சத்தம் போடுவதுதான். அந்தச் சத்தத்தைத் தன் சத்தம் திரும்பி வந்ததாக எடுத்துக்கொண்டு, பக்கத்தில் யாரோ இருப்பதாக நின்றிருக்கிறது வண்டி. சுவிட்சை அணைத்தேன், வண்டி கட்டில் வரைக்கும் போனது. போட்டேன், நடுக்கூடத்தில் நின்றது. அவ்வளவுதான் விஷயம். அம்மா அதை எப்போது வாங்கி மாட்டினாளோ. இத்தனை நாளும் யாருக்கும் கேட்காமல் அது கத்திக்கொண்டே இருந்திருக்கிறது. எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அப்பா வந்ததும் அணைத்தும் போட்டும் காட்டி, தொண்டை கிழிய எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"இத யாரு மாட்டினது?"

"அம்மாதான். வேற யாரு?"

"அப்ப அவதானே நிறுத்துறா," என்றார். மிஷினைப் பிடுங்கி, தோள் துண்டால் தூசியைத் துடைத்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "ஆட்டோ கூப்புடு, போலாம்."

என் வீட்டில் எலி கிடையாது. வந்த அன்றே ஹாலில் தாழ்வாக இருக்கும் பிளக் பாயின்டைத் தேடி அதை மாட்டினார். இப்போது வேளைக்குச் சாப்பிடுகிறார். மாலையில் வண்டியை விடச் சொல்வார், அது ஹால் நடுவில் நிற்கும், பார்த்துவிட்டு எழுந்து போவார். இன்ஃப்ராரெட் சென்சார் என் டிராயரில் கிடக்கிறது. காரணம் எனக்கு அக்குவேறு ஆணிவேறாகத் தெரியும். ஆனாலும் தண்ணீர் எடுக்கப் போகும்போது அந்த இடத்தைச் சுற்றித்தான் போகிறேன்.

போன வாரம் வண்டி ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. மிஷினின் சிவப்பு விளக்கு அணைந்தது. பேட்டரி வண்டி என்பதால் அது மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். நிற்காமல் போய்விடுமோ என்று பயந்தேனா, கரண்ட் இல்லாமலே நின்றுவிடுமோ என்று பயந்தேனா, இன்றுவரை தெரியவில்லை. அந்த இடத்துக்குப் போவதற்குள் ஓடிப்போய் இரண்டு கையாலும் அதைத் தூக்கிவிட்டேன்.

"ஏம்மா தூக்கிட்ட?" என்றார் அப்பா.

"பேட்டரி தீந்துடுச்சுப்பா," என்றேன். வண்டியின் சக்கரங்கள் என் கையில் சுற்றிக்கொண்டிருந்தன.