கோடு போட்ட கிணறு

ஆண்டு முடிவில் எங்கள் வேலையை மதிப்பிட நெய்வேலி அலுவலகத்தில் ஒரு தாள் இருந்தது. எத்தனை டன் பழுப்பு நிலக்கரி, எவ்வளவு மேல்மண் அகற்றினோம், எத்தனை யூனிட் மின்சாரம் என்று அது இறங்கிக்கொண்டே போகும். வரிக்கு இவ்வளவு என்று மதிப்பெண். கடைசி வரி, சுற்றுக் கிராமங்களின் நீர்மட்டம். அதற்கும் கொஞ்சம் மதிப்பெண் உண்டு. மைன்ஸ் ஆட்கள் அந்த வரியைப் பார்த்துச் சிரிப்பார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் நான்கு ஆண்டுகள் அந்த வரி என் பொறுப்பில் இருந்தது.

நிலக்கரிக்கு அடியில் ஊற்று அழுத்தத்தோடு நிற்கும். ஓயாமல் பம்ப் வைத்து இறைத்தால்தான் சுரங்கம் நிலைக்கும், நிறுத்தினால் ஏரியாகிவிடும். இறைத்த தண்ணீரில் ஒரு பகுதி டவுன்ஷிப்புக்கு வந்தது. எங்கள் குவார்ட்டர்ஸில் குழாய் நின்றுபோன நாள் எனக்கு நினைவில்லை. என் மனைவி குரோட்டன்ஸ் செடிகளுக்குக்கூட இரண்டு வேளை தண்ணீர் விடுவாள். வெளியே ஊர்க் கிணறுகளில் தண்ணீர் இறங்கியது. எவ்வளவு இறங்கியது என்று மாதம் ஒருமுறை பன்னிரண்டு கிணறுகளை அளந்து, தண்ணீர் கிடக்கும் சராசரி ஆழத்தை எழுத வேண்டும். சராசரி ஓர் எல்லையைத் தாண்டி இறங்கினால் அந்தப் பக்கத்து ஊர்களுக்குக் குழாய் போட்டுத் தண்ணீர் தருவது என்று ஏற்பாடு.

அளக்கும் முறை பழையது. இரும்பு டேப்பின் நுனியில் ஒரு குண்டு. அதைக் கிணற்றுக்குள் விட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். தண்ணீரில் பட்டால் ‘தொப்’ என்று கேட்கும்.

பன்னிரண்டில் ஒன்று, முத்தாண்டிக்குப்பம் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு காலனிக் கிணறு. அங்கே இருந்தவர்கள் நிலமில்லாத கூலிக்காரர்கள். கிணற்றை ஒட்டிய வீட்டில் ஒரு பெண் இருந்தார். களையெடுப்புக்கும் முந்திரிக்கொட்டை பொறுக்கவும் போகிறவர். வயது என்னை ஒத்திருக்கும். என்னைக் கண்டால் அவருக்கு வாய் சும்மா இருக்காது.

“வாங்க டேப்பு சார். டாக்டரு நாடி புடிக்கிற மாதிரி மாசாமாசம் புடிச்சிக்கினு போறீங்க. மருந்து மட்டும் வர மாட்டேங்குது.”

ஒரு பங்குனியில் குண்டு ‘சொத்’தென்று சேற்றில் உட்கார்ந்தது. அடுத்த மாதம் காய்ந்த பாறையில் ‘ணங்’கென்றது. நான் அசையாமல் நின்றேன்.

“என்னா சார், காத வச்சிக்கினு நிக்கிறீங்க? உள்ள ரேடியோவா பாடுது?” என்றார். பிறகு குரல் மாறியது. “வாய்க்கா வரைக்கும் நடந்து போயி மொண்டுக்கினு வரோம் சார். அதுவும் கலங்கலா வருது. எழுதுனா பைப்பு வரும்னு பஞ்சாயத்துல சொன்னாங்க. எழுதிடுவீங்கதான?”

“எழுதிடறேன்மா” என்றேன்.

படிவத்தில் வற்றிய கிணற்றுக்கு நேராக ஒரு கோடு போடுவது வழக்கம். அளவு கிடைக்கவில்லை என்று பொருள். அந்த மாதம் நான்கு கோடுகள் போட்டேன். மிஞ்சிய எட்டைக் கூட்டி எட்டால் வகுத்தேன். விடையை நம்பாமல் மறுபடி கூட்டி வகுத்தேன். கத்திரி வெயிலில் நீர்மட்டம் ஏறியிருந்தது.

நான் புள்ளியியல் படித்தவன். காரணம் புரிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தண்ணீர் ஆழத்தில் கிடந்த கிணறுகள்தான் முதலில் வற்றின. வற்றியதும் கோடாகிக் கணக்கைவிட்டு வெளியேறிவிட்டன. மக்குப் பையன்கள் பரீட்சைக்கு வராவிட்டால் வகுப்புச் சராசரி கூடுமே, அதே கதை. இன்னும் நாலு கிணறு வற்றினால் எங்கள் மதிப்பெண் இன்னும் கூடும்.

என் மேலதிகாரி கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். தாளைப் பார்த்து முகம் மலர்ந்தார். “பரவால்லியேப்பா, பம்ப் இந்த ஓட்டம் ஓடியும் தண்ணி ஏறியிருக்குது!”

“நாலு கிணறு வத்திப்போச்சு சார். அது சராசரியில வரல.”

“வத்துன கெணத்துக்கு ஏதப்பா நீர்மட்டம்?” என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். “சரி, ஒரு நோட் எழுதிக் குடு. மேல அனுப்பறேன்.”

இதை அழுத்திச் சொல்ல வேண்டும். அவர் தடுக்கவில்லை. வேறு யாரும் தடுக்கவில்லை. நோட்டை அன்றே எழுதினேன், ஒரே பக்கம். எழுதி டிராயரில் வைத்துப் பூட்டினேன். இரண்டு மாதத்தில் பதவி உயர்வுக்கு நேர்காணல். அந்த ஆண்டு ‘மிக நன்று’ வாங்க எல்லாப் பிரிவுகளும் மதிப்பெண் மதிப்பெண்ணாகத் துரத்திக்கொண்டிருந்தன. என் வரியில் குறைந்தால் யாரால் குறைந்தது என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்தேன்.

அதன்பிறகு பியூன் “சார் கூப்பிடறாரு” என்று வந்து நின்றாலே கை சட்டைப்பைக்குப் போகும். டிராயர் சாவியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். அதிகாரி மறுபடி கேட்கவில்லை. கேட்டுவிடக் கூடாதே என்று ஒரு பயம். கேட்டுத் தொலைத்தால் தேவலையே என்று ஒரு தவிப்பு. சைக்கிள் காலனியை நெருங்கும்போது கால் தானாக மெதுவாகும்.

“எழுதிட்டீங்களா சார்?”

“எழுதியிருக்கேன்மா.”

கோடு எழுதியிருந்தேன். நோட்டும் எழுதியிருந்தேன். பொய் சொல்லவில்லை என்று சொல்லிக்கொண்டே திரும்பி மிதித்தேன். அடுத்த மாதம் காய்ச்சல் என்று சொல்லி உதவியாளரை அனுப்பினேன். அதற்கடுத்த மாதம், தொடர்ந்து அளவு கிடைக்காத நான்கு கிணறுகளை நீக்கி, தண்ணீர் உள்ள நான்கைச் சேர்த்துப் புதுப் பட்டியல் தயாரித்தேன். அதை யாரும் செய்யச் சொல்லவில்லை. காலனிக்கு நான் போக வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

‘மிக நன்று’ கிடைத்தது. பதவி உயர்வும் கிடைத்தது. டன்னும் யூனிட்டும் உண்மையான எண்கள். எங்கள் மின்சாரத்தில் எத்தனையோ ஊர்களில் விளக்கு எரிந்தது. ஊருக்கு நல்லது செய்யத்தான் நிறுவனம், அதை நினைவூட்டத்தான் அந்தக் கடைசி வரி. அதைப் போட்டவர்கள் நம்பிப் போட்டிருந்தார்கள்.

புது நாற்காலி உறுதியான பிறகு, மறு வருடம் மாசியில், நோட்டை எடுத்துக்கொண்டு அதிகாரியிடம் போனேன். படித்துவிட்டு மேலே இருந்த தேதியில் விரலை வைத்தார்.

“தேதியப் பாத்தியா? இத அப்பவே குடுத்திருக்கலாமில்லப்பா?”

“ஆமா சார்.”

அவர் அன்றே மேலே அனுப்பினார். நான் பயந்த கேள்வி எதுவும் வரவில்லை. நாலு மாதத்தில் காலனிக்குக் குழாய் வந்துவிட்டது. அப்போதே கொடுத்திருந்தாலும் அவ்வளவுதான் ஆகியிருக்கும்.

குழாய் திறந்த மறுநாள் போனேன். கிணற்றை ஒட்டிய வீடு பூட்டியிருந்தது. அடுத்தடுத்த மூன்று வீடுகளும் அப்படியே. குழாயடியில் குடம் வைத்திருந்த ஒருவரிடம் அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டேன்.

“அவங்களா? தை மாசமே காடாம்புலியூருக்குப் போயிட்டாங்க சார். முந்திரித் தோப்புல காவலு. மருமவப் பொண்ணு ஏழு மாசம், வாய்க்காலுக்கு எம்மாந் தூரம் நடக்கும்? மத்த மூணு வூட்டுக்காரங்களும் அதுக்கு முன்னாடியே கெளம்பிட்டாங்க. இவங்கதான், ‘எழுதிட்டாங்களாம், வந்துடும், வந்துடும்’னு சொல்லிக்கினே கடைசி வரைக்கும் இருந்தாங்க.”

பிறகு பல ஆண்டுகள், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நிறுவனத்தின் செயல்திறனை அளப்பது பற்றி வகுப்பெடுத்தேன். இந்தச் சராசரியை அங்கே சொன்னதில்லை. நெய்வேலியிலிருந்து காடாம்புலியூருக்குப் பஸ் உண்டு. அரை நாளில் போய்த் திரும்பிவிடலாம். பணி ஓய்வு பெறும்வரை நெய்வேலியில்தான் இருந்தேன். ஒருமுறையும் போகவில்லை.