லேபிளுக்கு அடியில் இருந்த எழுத்து

உடம்பெல்லாம் மயிரிழைகள் கொண்டு நீந்தும் ஒரு செல் கடல் உயிரிகளை இனம் பிரிப்பதுதான் என் ஆய்வு. சதுரங்கப்பட்டினம் மீனவர் ஏழுமலை அண்ணன் வாரந்தோறும் பாட்டிலில் கடல்நீர் பிடித்துத் தருவார்.

ஒரு வாரம், வழக்கமான ஒல்லி உயிரிக்குப் பதில் உருண்டையாக ஒன்று நீந்தியது. புது இனம் என்று துள்ளினேன், பெயர்கூட வைத்துவிட்டேன். அதை அந்தப் பாட்டில் நீரிலேயே வளர்த்து, மூன்று மாதம் கண் எரிய இழை வரிசைகளை எண்ணினேன். எல்லாம் பழைய இனத்தைப் போலவே இருந்தன. உருவம் மட்டும் ஒத்துவரவில்லை. எரிச்சலில் ஏழுமலை அண்ணனிடம் போனில் பாய்ந்தேன்.

“மூணு மாசம் முன்னாடி குடுத்த தண்ணிய எங்கதான் புடிச்சீங்க?”

“அன்னிக்கு அலை ஜாஸ்திம்மா. ஆறு கடல்ல கலக்குற எடத்துல மொண்டேன். பாட்டில் மேலயே எழுதிக்கீறேன், பாக்கலியா?”

அலமாரியிலிருந்த பாட்டிலில் என் லேபிளை உரித்தேன். அடியில், ‘இது ஆத்து வாய் தண்ணி’ என்றிருந்தது. அவர் என்ன பெரிதாக எழுதியிருக்கப் போகிறார் என்று, படிக்காமலே மேலே ஒட்டியிருக்கிறேன்.

உயிரிகளைக் கடல்நீருக்கு மாற்றினேன். இரண்டே நாளில் ஒல்லியாகிவிட்டன. உப்பு குறைந்த நீரில் உப்பியிருந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

மன்னிப்புக் கேட்டேன். “வுடும்மா, அடுத்த வாரம் எங்க மொள்றது?” என்றார்.

அந்த மூன்று மாதத்தை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. அவர்மேல் இல்லை, என்மேல்.