விறாந்தையில் நின்றவரின் பெயர்

யுத்தம் முடிந்த வருடம், கொழும்பு கொட்டாஞ்சேனையில் நாங்கள் போகும் சிறிய தமிழ்ச் சபையில் இது நடந்தது. இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

என் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. அவள் தும்மினாலே டொக்டரிடம் ஓடுகிறவள் நான். ஆனால் ஆராதனையில் அவள் சிணுங்கினால் மட்டும் யோசிக்காமல் ஓர் அக்காவிடம் கொடுத்துவிடுவேன். தெமட்டகொடை ரயில்வே லயத்து வரிசை வீடொன்றிலிருந்து நடந்தே வருகிறவர் அவர். அழுகிற பிள்ளைகளையெல்லாம் சேர்த்துக்கொண்டு பக்க விறாந்தைக்குப் போய்விடுவார். நாங்கள் தாய்மார் நிம்மதியாகப் பிரசங்கம் கேட்போம். மாதம் ஒருமுறை அப்பமும் இரசமும் தரும் திருவிருந்தில் முழங்காற்படியிடுவோம்.

ஒரு வருடம் திருவிருந்துக்கு வராதவர்களின் பெயரை அங்கத்தவர் இடாப்பிலிருந்து நீக்குவது எங்கள் சபை விதி. நீக்கினால் பிறகு திருவிருந்து கிடையாது. அந்த ஞாயிறு செயலாளர் மூன்று பெயர்களை வாசித்தார். மூன்றாவது அக்காவின் பெயர். அந்த நேரம் அவர் என் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு விறாந்தையில் நடந்துகொண்டிருந்தார்!

ஒருவரும் எழும்பவில்லை. நானும்தான். எழும்பினால் என்ன நினைப்பார்களோ என்ற பயம்.

ஆராதனை முடிந்து பிள்ளையை வாங்கப் போனேன். "கேட்டுச்சும்மா" என்றார். "பேரு போனாப் போவுது. இனிமே திருவிருந்து தர மாட்டாங்களா?"

பிள்ளையை வாங்கிக்கொண்டு நேரே செயலாளரிடம் போனேன். பள்ளிக்கூட ஆசிரியர் அவர்.

"மாஸ்டர், அவ வெளியில நிண்டது எங்கட பிள்ளையளுக்காகத்தானே?"

"ஆர் நிக்கச் சொன்னது, பிள்ளை? விதி எல்லாருக்கும் ஒண்டுதான்."

பக்கத்தில் நின்ற ஒரு தாய், "ஐயோ, அவ கோவிச்சுக்கொண்டு வராமல் விட்டால் பிள்ளையளை ஆர் பாக்கிறது?" என்றாள். அவளுடைய கவலை அதுதான்!

வீட்டில் கணவர், "நீர் ஏன் இதுக்குள்ள தலையைப் போடுறீர்?" என்றார். அதிகமாகப் பேசிவிட்டேனோ என்று மூன்று நாள் எனக்கும் உறுத்தியது. நான்காம் நாள் அக்காவின் கேள்விதான் மிஞ்சியது.

அடுத்த திருவிருந்து ஞாயிறு விறாந்தையில் வைத்து, "பிள்ளைகளை நான் பார்க்கிறன். நீங்கள் உள்ளே போங்கோ" என்றேன்.

"எம் பேரு இல்லியேம்மா."

"போங்கோ அக்கா."

பயந்து பயந்து போனார். அவர் போன மறுநிமிடம் ஆறு பிள்ளைகளும் ஒரே குரலில் கத்தத் தொடங்கின. ஒன்றைத் தூக்கினால் மற்றது மண்ணைத் தின்றது. சத்தம் தாங்காமல் செயலாளர் முகம் சிவக்க வெளியே வந்தார்.

"என்ன பிள்ளை இது, சந்தையா?"

"இந்தாங்கோ மாஸ்டர், இவனைக் கொஞ்சம் பிடியுங்கோ" என்று ஒருவனை அவர் கையில் திணித்தேன். அவன் மூக்குக்கண்ணாடியை இழுத்தான். இறக்கினால் அலறினான். அன்று மாஸ்டரால் திருவிருந்துக்குப் போக முடியவில்லை.

யன்னலால் பார்த்தேன். ஓரத்தில் முழங்காலில் இருந்த அக்காவின் முன் போதகர் நின்றார். விறாந்தைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு அக்காவின் கையில் அப்பத்தை வைத்தார்.

அந்தக் கிழமையே இடாப்பில் பெயர் திரும்பவும் ஏறியது. ஆனால் நீக்கியதைச் சபை முன் உரத்து வாசித்தவர்கள், சேர்த்ததை வாசிக்கவில்லை. ஒரு வார்த்தை வருத்தமும் சொல்லவில்லை. கேட்டதற்கு, "அதுதான் சேர்த்தாச்சே" என்றார்கள். தாய்மார் இப்போது முறை வைத்துப் பிள்ளைகளைப் பார்க்கிறோம். சிலர் தங்கள் முறைக்கு முகம் சுளிக்கிறார்கள்.

சபையார் மேல் உள்ள கோபம் சில நாள் தணியும். ஆனால் ஒரு வருடம் முழுக்க என் பிள்ளையை அவர் கையில் கொடுத்துவிட்டுத் திருவிருந்துக்குப் போய்த் திரும்பிய நான், 'உங்களுக்கு, அக்கா?' என்று ஒரு நாளாவது கேட்காததை நினைத்தால் வருகிற கோபம் தணிவதே இல்லை.