ஆறுமுகம் வீட்டு அம்மன்

வாராவாரம் இந்தப் பக்கத்தில் எதையாவது எழுதுவதால், எனக்கு எல்லாம் தெரியும் என்று செஞ்சியில் சிலர் நம்புகிறார்கள். நானும் மறுப்பதில்லை. போன வாரம் அதன் பலனை அனுபவித்தேன்.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் பஞ்சர் கடை வைத்திருக்கும் மணி வந்தார். கைக்குட்டையைப் பிரித்து, ஒரு வட்டத் தகட்டை மேஜை மேல் வைத்தார். மஞ்சளும் குங்குமமும் அப்பிக் கிடந்தது. ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கும் பெண். மறுபக்கம் ஏதோ எழுத்து... இங்கிலீஷ் மாதிரி இருக்கிறது, ஆனால் இங்கிலீஷ் இல்லை.

"அமாவாசைக்கு மேல்மலையனூர் அங்காளம்மன் உண்டியல்ல போட்டுடலாம்னு இருக்கேன் சார். அதுக்கு முன்னால ஒண்ணு தெரியணும். இது கோட்டையில எடுத்ததா?"

விஷயம் இதுதான். மணியின் அப்பா ஆறுமுகம், கோட்டை மதிலை ரிப்பேர் செய்தபோது கல் சுமந்தவர். அதே வருஷம் வீட்டுக்கு ஓடு போட்டார். போதாதா? புதையல் எடுத்துவிட்டான் என்று ஊர் பேசியது. அவர் போன தை மாதம் போய்ச் சேர்ந்தார். பேச்சு போகவில்லை. சாமி படத்துக்குப் பக்கத்தில் அம்மா அம்மனாக வைத்துக் கும்பிடும் இந்தத் தகடு மணியை உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது.

"நைனா திருடிட்டாரா சார்?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். "பிரெஞ்சுக்காரன் காசு" என்றேன், தயங்காமல். "கோட்டை கொஞ்ச காலம் அவங்க கையிலதானே இருந்தது!"

மணியின் முகம் சுருங்கிப்போனது. நான் சொன்னதற்குத் திருட்டு என்று அர்த்தம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவசரமாக போட்டோ எடுத்து, தெரிந்த ரிட்டயர்டு பாதிரியார் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் போன் வந்தது.

"காசு இல்லீங்க, மெடல். உட்கார்ந்திருக்கறது மாதா. லத்தீன்ல எழுதியிருக்கு. 'கணக்கில் முதலாய் வந்தவனுக்கு'ன்னு அர்த்தம். பழைய மிஷன் ஸ்கூல்ல குடுப்பாங்க. விளிம்பைப் பாருங்க, பையன் பேர் வெட்டியிருக்கும்."

விளிம்பில் மஞ்சள்தான் இருந்தது. நான் சுரண்டப் போனேன். மணி கையைப் பிடித்துக்கொண்டார். அம்மாவைக் கேட்காமல் அம்மனைத் தொடக்கூடாதாம்.

மணியின் வீட்டுக்குப் போனோம். "இன்னாத்துக்கு சார் வெச்ச மஞ்சளை எடுக்கணும்? நாப்பது வருஷமா நான் துடைச்சதே இல்ல" என்றார் அவர் அம்மா. அப்புறம் மகன் முகத்தைப் பார்த்தார். "குடு, நானே கழுவறேன். தப்புன்னா என் தலையில விழட்டும்."

புளி போட்டுத் தேய்த்தார். இங்கிலீஷ் எழுத்து ஒவ்வொன்றாக வந்தது.

வி. ஆறுமுகம்.

"ரெண்டாங் கிளாசோட நின்னுட்டேன்னுதான் சார் சொல்லுவாரு..." என்ற மணி, அப்படியே உட்கார்ந்து அழுதார். எனக்கு என் பிரெஞ்சுக்காரன் காசை நினைத்து வெட்கமாக இருந்தது.

அம்மாதான் நிதானமாக இருந்தார். "கல்யாணமான புதுசுல பெட்டியிலேர்ந்து எடுத்துக் காமிச்சாரு. பொம்பள உருவம் இருக்குதே, அங்காளம்மன்தான்னு கண்ணுல ஒத்திக்கினேன். அவரு ஒண்ணும் சொல்லல."

எப்படிச் சொல்வார்? புது மனைவி கும்பிட்டு முடித்த பிறகு, அது நான் வாங்கின பரிசு என்று எந்தப் புருஷனால் சொல்ல முடியும்?

சரி, ஊர் பேசியபோதாவது வாயைத் திறந்திருக்கலாமே? மெடலைக் காட்டினால், கணக்கில் முதலாக வந்தவன் ஏன் கல் சுமக்கிறான் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்வதைவிடத் திருடன் என்ற பேரே தேவலை என்று இருந்துவிட்டாரோ... என்னவோ.

மெடல் உண்டியலுக்குப் போகவில்லை. பழைய இடத்திலேயே இருக்கிறது. அம்மா திரும்பவும் மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டார் — இந்தத் தடவை விளிம்பை மட்டும் விட்டுவிட்டு.

நாற்பது வருஷம், அந்த வீட்டில் கற்பூரம் காட்டும்போதெல்லாம் ஆறுமுகமும் கூட நின்று கும்பிட்டிருக்கிறார். தன் பேருக்கு முன்னால் கை கூப்பி என்ன வேண்டிக்கொண்டிருப்பார்?