என்னை லெவல் ஒன்றில் உட்கார வைத்தார்கள்

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஆடித்தபசுக் கூட்டமெல்லாம் கலைந்து சங்கரன்கோவில் பழைய நிலைக்குத் திரும்பிய மறுவாரம் நடந்தது இது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் காதெல்லாம் சூடாகிவிடும்.

நான் இங்கே ஒரு மருந்து மொத்த விற்பனை ஏஜென்சியில் வேலை பார்க்கிறேன். சிவகிரி, கடையநல்லூர், இளையரசனேந்தல் என்று சுற்றுவட்டார மெடிக்கல் ஷாப்களுக்கு எங்களிடமிருந்து சரக்கு போகும். என் வேலை கம்ப்யூட்டரில் ஸ்டாக் பார்ப்பது. எந்த மாத்திரை எந்த பேட்ச், எப்போது காலாவதி, எந்த ரேக்கில் இருக்கிறது, அத்தனையும் எக்செல் ஷீட்டில் நான் ஏற்றி வைத்தது. காலாவதிக்கு மூன்று மாதம் இருக்கும்போதே அந்த வரி தானாகச் சிவப்பாகிவிடும். அதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் வீடியோ பார்த்து, தப்பாகப் போட்டு, அழித்து, திரும்பப் போட்டு நானாகக் கற்றுக்கொண்டது. பதினோரு வருடமாக அந்த நாற்காலியில் இருக்கிறேன். படிப்பு என்று கேட்டால் பிளஸ் டூ, கூடவே டைப்ரைட்டிங் லோயர். அவ்வளவுதான்.

எனக்குப் பக்கத்து மேஜையில் ஒரு அண்ணாச்சி. ஐம்பத்தாறு வயசு இருக்கும். கடைக்காரர்கள் போனில் சொல்லுகிற ஆர்டரை நோட்டில் எழுதுவது அவர் வேலை. அவர் எழுதிக் கொடுப்பார், நான் ஸ்டாக் பார்த்துக் கழிப்பேன். இருபத்தைந்து வருடமாக நோட்டும் பேனாவும் தவிர அவர் எதையும் தொட்டதில்லை.

முதலாளி புது சாப்ட்வேர் வாங்கினார். ஆர்டரும் ஸ்டாக்கும் இனி ஒரே இடத்தில், ஒரே ஆள். அதாவது எங்கள் இரண்டு நாற்காலியில் ஒன்றுதான் மிஞ்சும். மற்றவர் கீழே பேக்கிங் செக்‌ஷனுக்குப் போக வேண்டும். பேக்கிங் ஒன்றும் கேவலமான வேலை இல்லை. ஆனால் காலை ஒன்பது மணியிலிருந்து சாயங்காலம் ஏழு வரை நின்றுகொண்டே பெட்டி கட்ட வேண்டும். அதைவிட, நான் பார்த்துப் பார்த்துச் செய்த வேலையை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போக வேண்டும் என்பதை என்னால் ஜீரணிக்கவே முடியவில்லை.

வெளியூரிலிருந்து ஒரு பயிற்சிக் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். ஐந்து நாள் வகுப்பு, கடைசி நாள் பரீட்சை. லெவல் ஒன்று கீழே கோடவுனில், லெவல் இரண்டு மாடியில் ஏ.சி. ரூமில். புது ஆர்டர் டெஸ்க் லெவல் இரண்டில் தேறுகிறவருக்கு. யார் எந்த லெவல் என்று எப்படிப் பிரித்தார்கள் தெரியுமா? எங்கள் பயோடேட்டா ஃபைலைப் புரட்டி, டிகிரி இருந்தால் மாடி, இல்லாவிட்டால் கோடவுன். ஒருத்தரிடமாவது “உனக்கு என்ன தெரியும்?” என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பில்லிங்கில் இருக்கும் இரண்டு டிகிரிப் பெண்களுக்கு மாடி. அவர்கள் எப்படியும் பில்லிங்கிலேயே இருக்கப் போகிறவர்கள். அண்ணாச்சிக்கும் மாடி. அவர் தபாலில் பி.ஏ. வரலாறு முடித்தவராம்! எனக்கு லோடு ஏற்றுகிறவர்களோடு கோடவுன்.

முதல் நாள் பாடம், கம்ப்யூட்டரை எப்படி ஆன் செய்வது. இரண்டாம் நாள் மௌஸ் பிடிக்கப் பழக வேண்டுமென்று ஒரு வீடு வரையச் சொன்னார்கள். சொல்லிக்கொடுக்க வந்த பையனுக்கு என் மகனைவிட நாலைந்து வயசு கூட இருக்கலாம். என் பக்கத்தில் குனிந்து, “பயப்படாதீங்கம்மா, தொட்டா ஒண்ணும் ஆகாது” என்றான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த வீட்டுக்குப் புகைபோக்கி வரைவதற்குப் பதிலாக அவன் மண்டையிலேயே ஒன்று வைத்திருப்பேன். அடக்கிக்கொண்டு, என் எக்செல் ஷீட்டைத் திறந்து காட்டினேன். பார்த்தான். “நல்லாத்தான் போட்டிருக்கீங்க. ஆனா லிஸ்ட்ல உங்க பேரு லெவல் ஒண்ணுலதான் இருக்கு” என்றான்.

நேராக மேனேஜரிடம் போனேன்.

“டிகிரி இருக்காம்மா?”

“இல்ல சார். ஆனா பதினோரு வருசமா நான்தான...”

“சர்ட்டிபிகேட்ல என்ன இருக்கோ அதத்தான் நான் பாக்க முடியும். ஒனக்கு மாத்துனா நாளைக்கு எல்லாவனும் வந்து நிப்பான்.”

அதற்கு மேல் பேச்சு இல்லை. மாவு அரைக்கத் தெரிந்தவளை உட்கார வைத்து அரிசியைக் காட்டி “இதுதான் அரிசி” என்று சொன்னால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது.

என் கோபம் முழுவதும் அண்ணாச்சி மேல் திரும்பியது. மூன்றாம் நாள் காலையில் தண்ணீர் கேன் பக்கத்தில் பார்த்தபோது வாய் சும்மா இருக்கவில்லை. “ஒங்களுக்கென்ன அண்ணாச்சி, தபால்ல வந்த டிகிரி கொண்டுபோய் ஏ.சி. ரூம்ல ஒக்கார வச்சிருக்கு. நான்தான் வீடு வரைஞ்சிட்டுக் கெடக்கேன்” என்றேன். அவர் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார். முழங்கால் வலிக்காரர், ஒவ்வொரு படியாகக் கைப்பிடியைப் பிடித்து ஏறுவார். அதைக்கூட அன்று நான் வேண்டாவெறுப்பாகத்தான் பார்த்தேன்.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனதும் கீழே இறங்கி வந்தார். கையில் நோட்டு. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

“ஏம்மா, ஒரு சந்தேகம். சிரிக்கக் கூடாது. ரைட் கிளிக்குன்னா இந்த மௌஸ்ல எந்தப் பக்கம் அமுக்கணும்?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று நாளாக மாடியில் உட்கார்ந்திருக்கிற மனுஷன்!

“மொத நாளே மாடி வாத்தியார்ட்ட சொல்லிட்டேம்மா, என்னையக் கீழ விடுங்கன்னு. டிகிரி படிச்சிட்டு இப்படி வெளையாடுதியளே சார்னு சிரிச்சிட்டான். அந்த பி.ஏ.வும் எதுக்குப் படிச்சேன்னு நெனைக்க? பொண்ணு வீட்டுல டிகிரி கேட்டாவ. அதுக்குப் படிச்சது” என்றார். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

காலையில் நான் பேசிய பேச்சு எனக்கே கசந்தது. கீழே வர ஆசைப்பட்டவர் மேலே, மேலே போக வேண்டியவள் கீழே. இரண்டு பேரும் வாய் விட்டுச் சொல்லியும் ஒருத்தன் காதில் ஏறவில்லை. இதற்கு ஐந்து நாள் வகுப்பு, ஒரு லிஸ்ட், ஒரு ஏ.சி. ரூம்!

அவர் நோட்டை வாங்கிப் புரட்டினேன். அசந்துபோனேன். போனில் கடைக்காரர் சொல்வதை ஒரு வார்த்தை விடாமல் எழுதிப் பழகிய கை. மாடியில் வாத்தியார் பேசியதை எல்லாம் அப்படியே எழுதியிருந்தார். எந்த பட்டன், அடுத்து எது, திரும்பி வந்த சரக்கை எப்படி ஏற்றுவது, முதலில் காலாவதியாகிற பேட்ச் முதலில் வெளியே போக எங்கே செட் செய்வது என்று வரிசையாக இருந்தது. நடுவில் “ஏ.சி.யைக் கொஞ்சம் குறைங்க” என்று வாத்தியார் சொன்னதும் இருந்தது. ஒன்றும் புரியாமல் எழுதியிருக்கிறார். எனக்கோ படிக்கப் படிக்கப் புரிந்தது.

அன்றும் மறுநாளும் சாப்பாட்டு நேரம் முழுக்க என் மேஜையில்தான் இருந்தோம். நான் அவருக்கு மௌஸ் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தேன். அவர் நோட்டைப் படிக்க, என் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்த புது சாப்ட்வேரில் நான் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். உண்மையைச் சொல்லணும், நான் கற்ற அளவுக்கு அவர் கற்கவில்லை. அவருக்குப் பத்து நாளாவது வேண்டியிருந்தது. இரண்டு மத்தியானம் போதவில்லை.

ஐந்தாம் நாள் பரீட்சை மாடியில். முதலாளி வந்திருந்தார். கீழ் வகுப்புக்காரர்களையும் ஓரமாக நிற்கச் சொன்னார்கள். முதல் பெயர் அண்ணாச்சிதான். ஒரு ஆர்டரை ஏற்றி, அதில் பாதி சரக்கு திரும்பி வந்ததாகப் போட்டுக் காட்டச் சொன்னார்கள். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். மௌஸில் கை வைத்தார். திரையில் அம்புக்குறியைத் தேடினார். சட்டென்று எழுந்துவிட்டார்.

“முதலாளி, எனக்கு இது தெரியாது. தெரியும்னு ஏமாத்த மனசு வரல. ஆனா நான் எழுதுன நோட்ட வச்சே இந்தத் தங்கச்சி படிச்சிட்டா. அவளச் செய்யச் சொல்லுங்க.”

மாடி வாத்தியார், “அவங்க லெவல் ஒண்ணு சார்” என்று ஆரம்பித்தார். முதலாளி கையைக் காட்டி நிறுத்தினார்.

நான் உட்கார்ந்து செய்தேன். ஆர்டர் ஏற்றினேன், திரும்பி வந்த பாதியைப் பழைய பேட்சிலேயே சேர்த்தேன். அது காலாவதிக்கு நெருங்கிய பேட்ச், அதனால் ரேக்குக்குத் திரும்ப வைக்காமல் தனியே நிறுத்த வேண்டும் என்று சொல்லி அதையும் போட்டேன். வாத்தியாருக்கே அது தெரியவில்லை. பில்லிங் பெண்கள் கை தட்டினார்கள். நெஞ்சு நிமிர்ந்து எழுந்தேன்.

முதலாளி ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. “சரி, இந்தம்மாவே டெஸ்க்கப் பாக்கட்டும். அண்ணாச்சி, நீரு திங்கக்கெழமையிலேர்ந்து பேக்கிங் பாரும்.”

அண்ணாச்சி தலையாட்டினார்.

என் நாக்கு நுனியில் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. “முதலாளி, அவருக்கு லெவல் ஒண்ணு சொல்லிக் கொடுக்கவே இல்ல. பத்து நாள் கொடுங்க, ரெண்டு பேருமா டெஸ்க்கப் பாக்கிறோம்.” அவ்வளவுதான் சொல்ல வேண்டும். முழங்கால் வலிக்காரர் பத்து மணி நேரம் நிற்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் இப்போது நான் ஏதாவது பேசப்போய், முதலாளி மனம் மாறி, கிடைத்த நாற்காலியும் போய்விட்டால்? அந்தப் பயத்தில் வாயைத் திறக்கவில்லை. படியிறங்கும்போது அண்ணாச்சிதான், “நல்லாச் செஞ்சேம்மா” என்றார்.

ஒரு மாதம் கழித்துத் தைரியம் வந்து முதலாளியிடம் கேட்டேன். “அவரு ஒண்ணும் சொல்லலியே, நல்லாத்தான பெட்டி கட்டுதாரு” என்று முடித்துவிட்டார். அண்ணாச்சி இன்றும் கீழே நின்றுகொண்டுதான் இருக்கிறார்.

அந்த லிஸ்ட்டைப் போட்டவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. ஆனால் வீடு வரையச் சொன்னதற்கு மேனேஜர் அறை வரை போய்ச் சண்டை போட்டவளுக்கு, தன் வேலையை எனக்கு எடுத்துக் கொடுத்த மனுஷனுக்காக ஒரு வாக்கியம் பேச அன்று ஏன் வாய் வரவில்லை என்று நானே என்னைக் கேட்கும்போது, அவர்கள் மேல் வருகிற கோபத்தைவிட என் மேல்தான் அதிகமாக வருகிறது.